இரண்டு வீட்டிலும் அப்பா இல்லை

வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருஷம் ஒரு நாள் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் வேலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். இருவர் வீட்டிலும் அப்பா இல்லை. 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்ததும் பையன் பேனாவை அழுத்தி 'மிலிட்டரி' என்று எழுதினான். "இப்ப ஜம்முல இருக்காரு மிஸ், பொங்கலுக்கு வர்றாரு" என்று கேட்காமலே சொன்னான். பக்கத்திலிருந்த பெண் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். விட்டுப்போச்சே பாப்பா என்றேன். "அம்மாவைக் கேட்டுட்டு எழுதறேன் மிஸ்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "என் சைக்கிள் அங்கயே இருக்குது" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தூரத்தை வைத்துப் பார்த்தால் பையனின் அப்பாதான் எட்டாத இடத்தில் இருக்கிறார். நாட்டின் அடுத்த கோடி அது. பெண்ணின் அப்பா இருப்பது குடியாத்தத்தில், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனால் அந்தப் பையனுக்கு அப்பா இருக்கும் இடம் தெரியும், போன காரணம் தெரியும், வரும் தேதி தெரியும். ஊரே அந்தக் காரணத்தை மரியாதையாகச் சொல்கிறது. இந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஒரு சித்திரை மாசம் அம்மாவோடு ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான். பிரிவு பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த இரண்டு பேரும்தான் கண்முன் வருகிறார்கள். எந்தப் பிரிவுக்குப் பெயர் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

வேலூர் பக்கத்துக் குடும்பம் என்றாலே அப்பா, அம்மா, பிள்ளைகள் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் ஒன்று இருந்ததாகப் பேசுகிறோம். பழைய வட ஆற்காட்டில் அப்படி இருந்த வீடுகளைவிட இல்லாத வீடுகளே அதிகம் என்பது என் எண்ணம். கம்மவான்பேட்டையைப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பெயர் வாங்கிய ஊர். அங்கே மூன்று நான்கு தலைமுறையாகப் பிள்ளைகள் அப்பாவை லீவில்தான் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டைப் பக்கம் பெங்களூருக்கோ சென்னைக்கோ ரயிலில் போய் வரும் அப்பாக்கள், பிள்ளை தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பின் வருகிறவர்கள். ஜவ்வாது மலையிலிருந்து கர்நாடகத்துக் காபித் தோட்டங்களுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விடுவார்கள். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியிலோ பாட்டியிடமோ இருக்கும். அதே மலைகளில் இன்னொரு பிரிவும் உண்டு. செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடக்கிறவர்களின் வீடுகளில் "வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு" என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் இந்தச் சுற்று வட்டார மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். வேலைக்குப் போனதாக நினைத்திருந்த அப்பாவின் உடல் வந்த வீடுகள் அவை.

இந்தப் பிரிவுகள் எல்லாம் வயிற்றுப்பாட்டினால் வந்தவை. கணவன் மனைவிக்குள் வரும் பிரிவு வேறு வகை. அதைப் பற்றி நம் ஊரில் பேசும் விதத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். விவாகரத்து என்ற சொல் கோர்ட்டு வாசலில்தான் கேட்கும். தெருவில், "அம்மா வீட்டோட வந்துட்டா", "போக்குவரத்து இல்ல", "பேசி தீர்த்துக்கிட்டாங்க" என்பார்கள். 'வாழாவெட்டி' என்ற கொடிய சொல்லும் இன்னும் சாகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் விவாகரத்து ஆனவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்கிறோம் என்று சொன்னவர்கள் சுமார் 35 லட்சம். அதாவது கோர்ட்டில் முடிந்த ஒரு பிரிவுக்கு, முடியாமல் தொங்கும் பிரிவு இரண்டரைக்கு மேல். அப்படிச் சொல்லக் கூச்சப்பட்டு 'திருமணமானவர்' என்றே பதிந்துகொண்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைக் கவனித்தார். இறந்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று நம்பவும் முடியாது. இந்த இரண்டுங்கெட்டான் நிலை, உறுதியாகத் தெரிந்த சாவை விடவும் மனதை அரித்துவிடுகிறது என்று கண்டார். தெளிவில்லாத இழப்பு என்று அதைச் சொல்லலாம். "அப்பா வருவாரா?" என்று கேட்கும் பிள்ளைக்கு "பாக்கலாம்" என்று பதில் வரும் வீட்டில் நடப்பதும் இதுதான். துக்கம் தொடங்கவே இல்லாதபோது ஆறுவது எங்கே?

சொல்லாமல் விட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளை காரணத்தைத் தானே செய்துகொள்ளும். ஏழெட்டு என்பது எதற்கும் தான்தான் காரணம் என்று நினைக்கும் வயசு. ஸ்கூல் பீஸ் கேட்டதால் சண்டை வந்தது, ஜுரம் வந்ததால் செலவாயிற்று, பொம்பளைப் பிள்ளையாய்ப் பிறந்ததால் அப்பா போய்விட்டார் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். இன்னும் சின்னதுகளுக்குச் சொல்லே வராது. விட்டுப்போன படுக்கை நனைப்பது திரும்ப வரும், அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டும். பன்னிரண்டு பதின்மூன்றில் அது கோபமாக மாறும். அந்த வயதுப் பையன்கள் திடீரென்று 'வீட்டு ஆம்பளை' ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குத் துணை, தங்கச்சிக்குக் காவல். ஊர் அதைப் பொறுப்பு என்று மெச்சுகிறது. படிப்பில் பின்தங்கி, பத்தாவதோடு தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகும்போதுதான் அந்தப் பொறுப்பின் விலை தெரிகிறது. பெண்பிள்ளையாக இருந்தால், "இவளையாவது காலாகாலத்துல கட்டிக்குடுத்துடணும்" என்ற பயத்தில் 18 முடியுமுன்னே பேச்சை எடுத்துவிடுகிறார்கள்.

அதற்காக, பிரிந்த வீட்டுப் பிள்ளை உருப்படாது என்று சொன்னால் அது பொய். அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் சுமார் 1,400 குடும்பங்களை முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமான காலம் தொடர்ந்து பார்த்தார். பெற்றோர் மணமுறிவு பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்கு மனநிலையிலோ பழகுவதிலோ கடுமையான சிக்கல் இருந்தது. சேர்ந்து வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைகளில் அது 10 பேர். இரண்டரை மடங்கு என்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் மீதி 75 பேர் நன்றாகவே வளர்ந்தார்கள் என்பதும் அதே கணக்குதான். அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு, சரி. அப்படியும் அங்கேயும் இங்கேயும் பொருந்தும் ஒன்று அந்தத் துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது: பிள்ளையைக் கெடுப்பதில் பிரிவை விடப் பெரிய பங்கு சண்டைக்கு. பிரிவதற்கு முன்பு பார்த்த சண்டை, பிரிந்த பின்பும் ஓயாத சண்டை. தினமும் அடி விழும் வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அம்மாவிடம், "புள்ளைங்களுக்காகப் பொறுத்துப் போயிருக்கலாமே" என்று சொல்கிறவர்கள் பிள்ளைகளுக்காகப் பேசவில்லை.

குடியாத்தத்தில் ஒவ்வொரு வருஷமும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து வேறொரு உடலில் பொருத்துவார்கள். லட்சக்கணக்கில் கூட்டம். அதன் பின்னால் இருப்பது ரேணுகை கதை. ஜமதக்னி முனிவர் சந்தேகத்தில் மனைவியைக் கொல்லச் சொல்கிறார். மகன் பரசுராமன் அப்பா சொல்லைத் தட்டாமல் அம்மாவின் தலையை வெட்டுகிறான். வரம் கொடுக்கிறேன் என்று அப்பா சொன்னதும், அம்மா உயிர் பெற்று வரவேண்டும் என்று கேட்கிறான். படவேடு ரேணுகாம்பாள் கோயிலிலும் இதே கதைதான். அந்தச் சிரசு தெருவில் வரும்போது அம்மனைப் பார்த்துக் கும்பிடுகிறோம். நான் கும்பிட்டுக்கொண்டே அந்த மகனை நினைத்துக்கொள்வேன். அப்பா பக்கம் நின்றால் அம்மா போய்விடுவாள். அம்மா பக்கம் நின்றால் அப்பா சாபம். நடுவில் நிற்க இடமே கொடுக்கப்படாத பிள்ளை அவன்.

நம் வீடுகளில் அந்தக் கோடரி சின்னச் சின்ன வாக்கியங்களாக வருகிறது. "உங்கப்பன் மாதிரியே பேசற." "அங்க போனா இன்னா வாங்கிக் குடுத்தாங்க? யார் யார் இருந்தாங்க?" "உங்கம்மா கேஸ் போட்டு என்னை அலைய வைக்கிறா, நீயே கேளு." பிள்ளையைத் தபால்காரனாகவும் வேவுகாரனாகவும் சாட்சியாகவும் ஆக்குவது இதுதான். அது யாரை விட்டுக்கொடுக்கும்? அதன் மூக்கு அப்பாவுடையது, சுருட்டை முடி அம்மாவுடையது. அப்பாவைத் திட்டும்போது அதற்குத் தன் மூக்கையே திட்டுவது போலத்தான் கேட்கும்.

சொந்தத்தில் கட்டிய வீடு உடைந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. தாய்மாமனையே கட்டிக்கொண்ட பெண் பிரிந்து வந்தால், அவள் வந்து சேரும் வீடு அவள் கணவனின் அக்கா வீடு. பிள்ளைக்கு ஆயாவே அத்தையும் ஆகிறாள். ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் துரோகம். கல்யாணம், கருமாதி எதிலும் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கவேண்டும். ஆனால் இதே உறவுமுறைதான் பல பிள்ளைகளைக் கரை சேர்க்கவும் செய்கிறது. காது குத்தும்போது மடியில் உட்காரவைத்த தாய்மாமன், அப்பா இல்லாத இடத்தில் பேச்சில்லாமல் வந்து நிற்பார். பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுவார், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவார். ஆயா சோறு போடுவாள். வெளிநாட்டு ஆய்வுகளில் 'ஒற்றைப் பெற்றோர் வீடு' என்று வருவது இங்கே பெரும்பாலும் ஒற்றையாக இருப்பதில்லை. மாமனுக்குக் கல்யாணமாகி அத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சோதனை, அதையும் மறைக்கவேண்டியதில்லை.

அம்மாக்களின் நிலைமைக்கு வருவோம். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை பார்க்கிறார்கள். விடிந்ததும் கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. "இந்தக் கம்பெனிங்க வந்துதான் குடும்பம் உடையுது" என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. முன்பு பீடி சுற்றி வந்த காசில் தனியாக அரிசி வாங்க முடியாத பெண், அடியையும் வாங்கிக்கொண்டு இருந்தாள். இன்று மாதச் சம்பளம் கையில் வருவதால் கிளம்ப முடிகிறது. உடைந்தது முன்பே உடைந்ததுதான். ஆனால் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளைக்குத் தலைவாரக்கூட நேரமில்லாமல் போவதும், ராத்திரி அலுப்பில் பேச்சு குறைவதும், அந்தக் குற்ற உணர்ச்சியில் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதும் உண்மை. அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சாப்பாடு வந்தது இந்த அம்மாக்களுக்கு எவ்வளவு பெரிய மூச்சு என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அப்பாக்களின் துக்கத்துக்கு நம் ஊரில் இடமே இல்லை. குடித்துவிட்டுப் புலம்பினால்தான் அது வெளியே வரும். "பாக்கப் போனா மச்சானுங்க சண்டைக்கு வர்றாங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவாங்க" என்ற பயத்தில் விலகிப்போன அப்பாக்கள் நிறைய. மூன்று மாசம் போகாமல் இருந்தால் நாலாவது மாசம் போக வெட்கம். ஒரு வருஷம் ஆனால் பிள்ளையின் உயரமே மாறிவிடுகிறது. அடித்துத் துரத்திய ஆளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் பிள்ளையைத் தனியாக விடவே கூடாது. மற்றவர்களுக்குச் சொல்வேன்: பிள்ளைக்கு வேண்டியது தினமும் வருகிற அப்பா இல்லை, சொன்ன நாளில் வருகிற அப்பா. படிப்புச் செலவுக்குப் பணம் தருவதும், வந்த நேரத்தில் பாடம் கேட்பதும் அதட்டுவதும் கொஞ்சுவதுமாக அப்பாவாக இருப்பதும், எத்தனை தடவை வந்தார் என்பதை விட முக்கியம்.

இனி, பெரியவர்கள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய சட்ட விஷயங்கள். பஞ்சாயத்தில் உட்கார்ந்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்று இன்னும் நம்புகிறார்கள். தொன்றுதொட்டு வரும் சாதி வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தால் ஒழிய, அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. இரண்டு பேரும் சம்மதித்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனுப் போடலாம். ஓராண்டு பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் 6 மாதக் காத்திருப்பைத் தேவையானால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜீவனாம்சத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பிருந்த 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களும் 125-ஆவது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று அதே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

"அஞ்சு வயசு வரைக்கும் அம்மா கிட்ட, அப்புறம் அப்பன் தூக்கிக்குவான்" என்ற பயம் பல அம்மாக்களைத் தூங்கவிடுவதில்லை. இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் சொல்வது, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கவேண்டும் என்பதுதான். ஐந்து முடிந்தால் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இல்லை. எந்த வயதானாலும் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார். இரண்டு பேருக்கும் பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கவேண்டும். பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். ரேஷன் கார்டுதான் இன்றும் தலைவலி. கணவன் கார்டிலிருந்து பெயர் நீங்காமல் புதுக் கார்டு கிடைக்காது. பெயரை நீக்க அவர் ஒத்துழைக்காவிட்டால் இழுத்தடிக்கும். அங்கேயே ஒரு வருஷம் ஓடிவிடும்.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. 1957-இல் தொடங்கியது. அங்கே சேர்க்கப்படும் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது வழக்கம். குடும்பத்தைத் தள்ளிவைத்து வைத்தியம் பார்க்கும் வழக்கம் உலகம் முழுக்க இருந்த காலத்திலேயே இந்த ஊர் குடும்பத்தைக் கூட வைத்துக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறது, தன்னைத்தானே கீறிக்கொள்கிறது என்றால் மந்திரித்துக் கட்டிவிட்டு உட்காராமல் அங்கே கூட்டிப்போங்கள்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் பேசியது விண்ணப்பம் நிரப்பி ஒரு மாசம் கழித்துத்தான். "இன்னாத்த சொல்றது மிஸ், எனக்கே ஒண்ணும் முடிவாகல" என்றார். முடிவாகாததையும் அப்படியே சொல்லலாம் என்றேன். மூன்று ராத்திரி யோசித்தாராம். அப்புறம் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, பிள்ளையை வாசற்படியில் உட்காரவைத்து, "அப்பா குடியாத்தத்துல இருப்பாரு. நாம இங்க இருப்போம். சேர்ந்து இருப்போமான்னு எனக்குத் தெரியல. ஆனா இதுக்கு நீ காரணம் இல்ல. உனக்கு அப்பா அப்பாதான்" என்றிருக்கிறார். பெண் அழவில்லை. "அப்போ சைக்கிளை இங்க கொண்டாரலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அதற்காகத்தான் பதினோரு மாசத்துக்குப் பிறகு கணவனுக்கு முதல் போன். அவர் லுங்கி நெசவுக்காரர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் டாடா ஏஸில் சைக்கிளைப் போட்டுக் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கினார். வீட்டுக்குள் வரவில்லை. ஆயா ஒரு சொம்புத் தண்ணியைப் பேத்தி கையில் கொடுத்தனுப்பினாள். மாசத்தில் இரண்டாவது ஞாயிறு வருவதாகப் பேச்சு. முதல் மாசம் வந்தார். அடுத்த மாசம் தறியில் அவசர ஆர்டர், வரமுடியாது என்று வெள்ளிக்கிழமையே போன் செய்துவிட்டார். "இந்த வாரம் எங்கப்பா வரல மிஸ், அடுத்த மாசம்தான் வர்றாரு" என்று அவள் கேட்காமலே வந்து சொன்னாள், அந்த மிலிட்டரிப் பையன் சொன்ன அதே குரலில்.